மாப்பிள்ளைக்குச் சம்பளம் குறைவு

என் வீட்டுக்காரர் பாலசுந்தரம் கைபேசியில் எதைப் பார்த்தாலும் அப்படியே நம்பிவிடுவார். அந்த நம்பிக்கையில் என் வயலே போகப் பார்த்தது.

எங்கள் மகள் நிருஷா பொறியியல் படித்து முடித்துக் கொழும்பில் பாலம் கட்டும் நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறாள். அவளுக்கு அமிர்தகழியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையன் பெயர் மதுரன். "பெற்றோலியம் எஞ்சினியர்" என்று தரகர் சொன்னதுதான் தாமதம், இவர் கைபேசியைத் தட்டத் தொடங்கினார். அமெரிக்காவில் அந்த வேலைக்கு இவ்வளவு சம்பளம் என்று அதில் போட்டிருந்ததாம். டொலரை ரூபாயாக்கிப் பெருக்கிப் பார்த்தார். பிறகு மனுசனுக்குச் சோறு இறங்கவில்லை.

"இராசாத்தி, இவ்வளவு உழைக்கிற பொடியன இந்த வீட்டில எப்பிடி இருத்துற?" என்றார்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். வீடும் பெண்ணுக்குத்தான், வயலும் பெண்ணுக்குத்தான். செங்கலடியில் இருக்கும் இந்த வீடும் சித்தாண்டி வட்டையில் இருக்கும் வயலும் எனக்குச் சீதனமாக வந்தவை. நிருஷாவுக்குப் போக வேண்டியவை. இவரோ, வயலை விற்று வீட்டுக்கு மேல்மாடி எடுப்போம் என்று நின்றார். எனக்கு வந்த கோபத்தில் ஒரு நாள் முழுக்க அடுப்பே மூட்டவில்லை. இவர் சந்திக்குப் போய்க் கொத்துரொட்டி சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடியும் அதையே சொன்னார்.

மகளும் மதுரனும் ஒரு மாதமாகத் தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் குரலில் இருந்த சந்தோசத்தைக் கேட்டபிறகு நான் என்ன செய்ய? வயலை விற்கச் சரி என்றேன். வயல் விற்கும் கதையை அவளிடம் மூச்சுவிடவில்லை. தெரிந்தால் கலியாணமே வேண்டாம் என்று ஒற்றைக் காலில் நிற்பாள்.

வயலை வாங்க இருந்த ஏறாவூர் ஹலீம் முதலாளி ஞாயிறு பின்னேரம் அச்சாரக் காசோடு வருவதாகச் சொல்லியிருந்தார். அன்று காலையில்தான் மதுரன் தன் தாயோடு பெண் பார்க்க வந்தான். நிருஷாவும் அதற்காகக் கொழும்பிலிருந்து வந்திருந்தாள். மெலிந்த பையன். வாசலில் குவிந்திருந்த மணலையும் கம்பிகளையும் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தான்.

"என்ன மாமா, வீட்டு வேலை நடக்குதா?"

"ஒங்களுக்குத்தான் மனே! பெரிய சம்பளக்காரர் இந்த வீட்டில இரிக்க ஏலுமா? மேல்மாடி, ஏசி எல்லாம் போடப்போறம். வயல் ஒண்டு இரிக்கி, அத இண்டைக்கிக் குடுக்கிறம்."

பையனின் முகம் வெளுத்துவிட்டது. நிருஷா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் நான் பலகாரத் தட்டைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போகப் பார்த்தேன்.

"மாமா, எனக்கு அப்பிடிச் சம்பளம் இல்ல," என்றான் மதுரன்.

"அமெரிக்காவில..." என்று இவர் இழுத்தார்.

"அது நடுக்கடலில எண்ணெய்க் கிணத்தில பத்துப் பதினைஞ்சு வருசம் நிண்ட ஆக்களுக்கு மாமா. எண்ணெய் விலை விழுந்தா அவங்களையும் வீட்ட அனுப்புவாங்க. நான் படிச்சு முடிச்ச நேரம் வெளியில ஒருத்தரும் புது ஆக்கள எடுக்கல்ல. இப்ப கொழும்பில ஒரு எண்ணெய்க் களஞ்சியத்தில பயிலுநரா நிக்கிறன். அறை வாடகையும் சாப்பாடும் போக கையில பெரிசா ஒண்டும் மிஞ்சாது." அவன் தாயைப் பார்த்தான். "வயல விக்க வேணாம். என்னை வேணாமெண்டு சொன்னாலும் சரி."

அவன் தாய் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள். எனக்கோ உடம்பெல்லாம் இலேசாகிப்போனது. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"அப்ப மேல்மாடி வேணாமா மனே?" என்று கேட்டார் இவர்.

"ஒரு அறை காணும் மாமா."

இவர் கதிரையில் சாய்ந்து "அப்பாடா!" என்றார். அப்போதுதான் எனக்கு விளங்கியது, இந்த மனுசனுக்கும் வயலைக் கொடுக்க மனமே இருக்கவில்லை. இத்தனை வருடமும் விதைத்து வெட்டியவர் அவரல்லவா.

நான் மகள் பக்கம் பாய்ந்தேன். "ஒனக்கு இதெல்லாம் முதலே தெரியுமாடி? ஏன் சொல்லல்ல?"

"ஆர் என்னட்டக் கேட்ட? வீட்டில ஒரு எஞ்சினியர் இரிக்கிறாள், அவளுக்குச் சம்பளம் எவ்வளவு எண்டாவது கேட்டீங்களா? அவரை விட எனக்குத்தான் கூட."

இவர் சட்டென்று நிமிர்ந்தார். "அப்ப ஒனக்கு ஒரு மேல்மாடி..."

"வாய மூடுங்க!" என்றேன். அவன் தாயும் சேர்ந்து சிரித்துவிட்டாள்.

அந்த நேரம் தொலைபேசி அடித்தது. ஹலீம் முதலாளி. இவர் எடுக்குமுன் நான் பறித்தேன்.

"முதலாளி, வராதீங்க. வயல் குடுக்கல்ல."

"ஏன் புள்ள, மாப்பிள்ள பெரிய சம்பளக்காரர் எண்டீங்களே?"

"இல்ல முதலாளி, சம்பளம் குறைவாம்!" என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னேன். "எங்களுக்கு நல்லாப் புடிச்சிரிக்கி!"