ஒருவேளைக் கணக்கு

அமெரிக்காவில், மினசோட்டா மாநிலத்தின் வடகோடியில் ஒரு அவசர உதவி மையம். அங்கே பத்தொன்பது வருடமாகத் தொலைபேசி எடுப்பவள் மார்லிஸ். அந்தப் பக்கத்து ஆட்கள் எதையும் அடித்துச் சொல்லித் தொலைக்க மாட்டார்கள். அது மரியாதைக் குறைச்சலாம். அதனால், பேச்சில் எத்தனை ‘ஒருவேளை’ விழுகிறது என்று எண்ணித்தான் அவள் வண்டி அனுப்புவாள்.

அன்று காலை பெரியவர் ஆர்வில் கூப்பிட்டார்.

“தொந்தரவுக்கு மன்னிக்கணும்மா. ஒருவேளை என் கண்ணுதான் சரியில்லையோ என்னவோ. மாட்டுக் கொட்டகைப் பக்கம் ஒருவேளை லேசா புகை வருதோன்னு...”

மார்லிஸ் இரண்டு தீயணைப்பு வண்டிகளை அனுப்பினாள். நியூயார்க்கிலிருந்து புதிதாக வேலைக்கு வந்திருந்த ரெனே சிரித்தாள்.

“லேசான புகைக்கு ரெண்டு வண்டியாக்கா?”

“ரெண்டு ‘ஒருவேளை’ சொன்னாரே, கேக்கல? கூரை விழுந்திருக்கும்.”

விழுந்துதான் கிடந்தது.

மதியம் மார்லிஸின் கைப்பேசி அடித்தது. கணவன் டுவெய்ன். அவசர எண்ணைக் கூப்பிடுவது அவனைப் பொறுத்தவரை வீண் ஆர்ப்பாட்டம்.

“வேலையா இருக்கியா? ஒண்ணுமில்ல. ஒருவேளை காலைல தின்ன பேன்கேக்கா இருக்கும். ஒருவேளை வாயுவோ என்னவோ. இடது கைதான் ஒருவேளை கொஞ்சம் மரத்துப்போச்சோன்னு...”

மூன்று. மார்லிஸ் பேச்சை நிறுத்தாமலே ஆம்புலன்ஸை அனுப்பினாள். வாசற்கதவைத் திறந்துவைத்துவிட்டுப் படுக்கச் சொன்னாள். போனை வைக்கவில்லை.

ஐந்து நிமிடம் கழித்து டுவெய்ன் சொன்னான்: “சைரன் சத்தம் கேக்குது. பாவம், பக்கத்து வீட்ல ஒருவேளை யாருக்காவது...”

“உனக்குத்தான்,” என்றாள் மார்லிஸ்.