புத்தகத்தில் ஏறிய சேவல்

நல்லம்மா சேவலின் காலைக் கழுவிக்கொண்டிருந்தபோது அவள் புருஷன் மூக்கையா இறந்து ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது.

பிணம் கூலிக்காரர் குடியிருக்கும் லயத்தில் கிடந்தது. அவள் தோட்டத்துத் துரையின் பங்களாவுக்குப் பின்பக்கம் வாளித் தண்ணீரோடு குந்தியிருந்தாள். காலென்றால் சாதாரணக் கால் இல்லை. விரல் நுனி வரை இறகு. பிரம்மா என்று இனத்தின் பெயர். படைத்தவன் பெயரைக் கோழிக்கு வைத்த கொழுப்பு யாருடையது என்று தோட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது. பன்னிரண்டு இறாத்தல் கனம். அதைக் குளிப்பாட்டித் தூக்கிக்கொண்டு நிற்க, அதை வளர்க்கும் வேலையிலிருந்த மூக்கையாவால்தான் முடியும். அவனை விட்டால், கூண்டடிக்குத் தினமும் அவனுக்குச் சோறு கொண்டுபோய்ப் பழகிய அவளால்.

"கோழிப் போட்டி முடியுமட்டும் ஒரு மணித்தியாலம் பிடிச்சுக்கொண்டு நில், நல்லம்மா," என்றார் கணக்கப்பிள்ளை சுந்தரலிங்கம். "வேற ஆர் தொட்டாலும் கொத்துது. முடிஞ்ச உடன ஆம்பிளையள் எல்லாரையும் விடுறன் எண்டு துரை சொன்னவர். பொழுது பட முன்னம் எடுத்திடலாம்."

"கோழி கேட்டீங்களாய்யா?"

"கேட்டனான். சீமைப் புத்தகத்தில பேர் ஏறின கோழி பாடையில ஏறாதெண்டிட்டார்."

அன்று சனிக்கிழமை. சனிக்கிழமை செத்தவனோடு பாடையில் ஓர் உயிர்க் கோழி போக வேண்டும். போகாவிட்டால் அவன் தன் வீட்டிலிருந்தே ஒரு துணையைக் கூட்டிக்கொள்வான். வீட்டில் மிச்சமிருந்தது அவளும், நிறைமாத வயிற்றோடு மகள் பாலம்மாவும். தேங்காய் கட்டினால் போதாதா என்று காலையில் யாரோ கேட்டார்கள். போன ஆடியில் மேல் லயத்துப் பிணத்துக்குத் தேங்காய்தான் கட்டினார்கள்; எட்டாம் நாள் அந்த வீட்டு மருமகள் பிரசவத்தில் போனாள். அதை ஒருத்தி ஞாபகப்படுத்தியதும் தேங்காய்ப் பேச்சு நின்றுவிட்டது.

தோட்டத்தில் நாட்டுக்கோழி கிடையாது. பிரம்மாவின் இரத்தத்தில் கலப்பு விழுந்துவிடுமென்று லயத்துக் கோழிகளையெல்லாம் துரை எப்போதோ ஒழித்துவிட்டார். கண்டிச் சந்தைக்குப் போய்வர ஒரு பகல் வேண்டும். ஆண்களோ விடிந்ததிலிருந்து பங்களாவில் கூடாரம் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

துரையின் கோழிகளுக்கும் ஒரு சட்டம் இருந்தது. சீமைப் புத்தகம் சொல்லும் இலட்சணத்தில் ஒன்று குறைந்ததென்று தீர்ப்பானால், அன்றைக்கே கழுத்துத் திருகல். திருகக் கொடுப்பது வளர்த்தவர்கள் கையில்.

நல்லம்மா சேவலின் வாலை விலக்கிப் பார்த்தாள். கன்னங்கரேலென்ற இறகுகளுக்கு அடியில் வெள்ளையாக இரண்டு. போட்டிக்கு முன்னால் மூக்கையா பிடுங்கிவிடும் இறகுகள். அவள் விரல் தானாக அங்கே போனது. பிடித்தது. பிறகு விட்டுவிட்டது.

புல்வெளியில் துரைமார் கூடியிருந்தார்கள். தீர்ப்புச் சொல்ல வந்த துரை கொழும்புக்காரர். முந்தின நாளிலிருந்து தோட்டத்துத் துரையின் மேசையில்தான் சாப்பாடு. கோயிலில் பாதிரி வாசிப்பது போலப் புத்தகத்தை நெஞ்சுக்கு நேரே பிடித்து வாசித்தார். எதிர் மலையில் கோப்பிச் செடிகளின் இலையெல்லாம் நோய் கண்டு மஞ்சள் புள்ளி விழுந்து உதிர்ந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் யாரும் திரும்பவில்லை. சேவலின் கொண்டையில் மூன்று வரி இருக்கிறதா என்று ஆறு துரைமார் குனிந்து எண்ணினார்கள்.

தீர்ப்புத் துரை மார்பை அளந்தார், தொடையைத் தடவினார், வாலைத் தூக்கினார். கை நின்றது. அவர் கண் தோட்டத்துத் துரையிடம் போய், அங்கிருந்து கூடாரத்தில் வாட்டி வைத்திருந்த வாத்துக்குப் போய்த் திரும்பியது. தூங்கும் குழந்தைக்குப் போர்த்துவது போல மெதுவாக வாலை இறக்கிவிட்டு, இங்கிலீசில் ஏதோ சொல்லிச் சிரித்தார். துரைமார் கைதட்டத் தயாரானார்கள். தட்டிவிட்டால் சேவல் கூண்டுக்குப் போய்விடும். நல்லம்மா முந்திக்கொண்டாள்.

"வாலுக்கடியில வெள்ள எறகு இருக்கு தொரை."

தோட்டத்துத் துரையின் தமிழ் ஏவலுக்கு மட்டும் போதுமானது. "நீ பேசாதே. நீ புடி."

"ரெண்டு இருக்கு. வருசா வருசம் எங்க வீட்டுக்காரரு புடுங்கிருவாரு. இன்னிக்கு அவரு இல்ல."

பக்கத்துத் தோட்டத்துத் துரைக்குத் தமிழே வராது என்றுதான் பத்து வருடமாக எல்லோரும் நினைத்திருந்தார்கள். அவருடைய சேவல் இரண்டாம் இடத்தில் இருந்ததாலோ என்னவோ, அவள் சொன்னதை ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தார். தீர்ப்புத் துரை மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடியும் வாலைத் தூக்கி, இப்போதுதான் பார்ப்பவர் போல ஆச்சரியப்பட்டார்.

தோட்டத்துத் துரை முன் வருடங்களில் வென்ற தன் மூன்று வெள்ளிக் கோப்பைகளையும் ஒரு கணம் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். கையை விரித்தார்.

"மூக்கையா கள்ளன். எனக்குத் தெரியாது."

ஓரத்தில் நின்ற தோட்டத்து ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். மாலையில் மூக்கையாவைத் தோளில் தூக்கப் போகிறவர்கள் அவர்கள்தான்.

போன வருடம் இறகு பிடுங்கும்போது விளக்குப் பிடித்தவர் இதே துரை. அது நல்லம்மாவின் நாக்கு நுனி வரை வந்தது. சேவல் கையில் இருந்தது, இன்னும் தன்னுடையதாகவில்லை.

"ஆமா தொரை," என்றாள். "கள்ளந்தான்."

"கொண்டு போ. கழுத்துத் திருகு."

அவள் ஓடவில்லை. பங்களாவின் வெளிவாசல் தாண்டும் வரை ஓடவில்லை.

பாடையின் தலைமாட்டில் சேவலைக் கட்டும்போது பங்காளி ஒருவன், "என்ன மதினி, இதுக்கே நாலு ஆளு வேணும் போல," என்றான்.

பிள்ளைத்தாய்ச்சி பிணத்தைப் பார்க்கக் கூடாதென்று பாலம்மாவை அடுத்த காம்பிராவில் வைத்திருந்தார்கள். கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டாள்: "அப்பாவப் பத்தித் தொரை என்னம்மா சொன்னாரு?"

கயிறு முடிந்துகொண்டிருந்த கைகள் நின்றன.

"இவரப் போல கைகாரரு இந்த மலையிலயே இல்லன்னாரு," என்றாள் நல்லம்மா. "நீ போயி படு."

"நாங்களும் கேட்டோம் புள்ள," என்றான் பங்காளி, முடிச்சை இறுக்கிக்கொண்டே.

பாடை கிளம்பியதும் பெண்கள் ரோட்டு வளையும் முடக்கோடு நின்றுவிட்டார்கள். தூறல் போட ஆரம்பித்தது. இறக்கத்தில் பாடை சரியும்போதெல்லாம், கால் கட்டுண்ட சேவல் விழுந்துவிடாமலிருக்கச் சிறகை விரித்தது. விரித்த சிறகுக்கு அடியில் மூக்கையாவின் முகம் நனையாமல் போய்க்கொண்டிருந்தது.