சட்டம் ஆடியது

வேறு நட்சத்திரங்களைச் சுற்றும் கிரகங்களைத் தேடப்போகும் விண்தொலைநோக்கியில், கண்ணாடியைத் தாங்கும் சட்டம் அது. அணுவின் அகலத்தில் பத்தில் ஒரு பங்குகூட அசையக் கூடாது. அசைந்தால் நட்சத்திர வெளிச்சத்தில் கிரகம் காணாமல் போய்விடும். காற்றை உறிஞ்சிய தொட்டிக்குள் அதை வைத்து லேசரால் அளப்பது அவள் வேலை. வடிவமைத்தவன் அவளுடைய முன்னாள் கணவன்.

அந்த மகராசன்தான் குடும்ப நீதிமன்றத்தில், "இவளுக்குப் புத்தி நிலையா இல்லைங்க" என்று வாய் கூசாமல் சொல்லி மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டவன். அவன் பேச்சை எடுத்தாலே அவளுக்கு வயிறு எரியும். இந்தச் சட்டம் தோற்க வேண்டும் என்று அவள் வேண்டாத தெய்வமில்லை.

அதுவோ கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது. காலையிலிருந்து திரையில் அசைவைக் காட்டும் கோடு இம்மியும் நெளியவில்லை. கெட்டிக்காரன்தான், பாவி. அதுதான் இன்னும் எரிச்சல்.

பிற்பகலில் தலைமைப் பொறியாளரோடு அவனே பார்வையிட வந்து மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தான். சற்று நேரத்தில் கோடு நெளிந்தது. சின்னச் சின்ன அலை, ஒரே சீராக. அவன் முகம் வெளுத்தது. அவள் மேசைக்கடியில் எட்டிப் பார்த்தாள். பதற்றம் வந்தால் கால் ஆட்டுகிற பழக்கம் அவனுக்கு இன்னும் போகவில்லை. அந்த ஆட்டம் தரை வழியாகத் தொட்டிக்குப் போய்க்கொண்டிருந்தது. கோடு நெளிய நெளியப் பயம். பயம் ஏற ஏறக் கால் இன்னும் வேகமாக ஆடியது.

தலைமைப் பொறியாளர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "வெளியிலேருந்து ஏதாவது அதிர்வு வருதாம்மா? நல்லா பார்த்துச் சொல்லு. இல்லைன்னா இதைக் கழிச்சிட வேண்டியதுதான்."

காலை ஆட்டாதீங்க என்று ஒரு வார்த்தை போதும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவள் அதை அப்படியே விழுங்கினாள்.

"வெளியில ஒண்ணும் இல்ல சார். சட்டம்தான் ஆடுது."

சொன்ன கையோடு, அவன் எழுந்திருப்பதற்குள் லேசரை அணைத்தாள். எழுந்தால் கோடு நேராகிவிடுமே!

எல்லோரும் போன பிறகு அவன் அவளிடம் வந்தான். நீதிமன்றத்துக்குப் பிறகு அன்றுதான் முதல் பேச்சு.

"எங்க தப்புன்னே புரியல. நீயாவது சொல்லேன்."

"எனக்கென்ன தெரியும்? ஒவ்வொரு திருகா கழட்டிப் பாருங்க. தேடினா கிடைக்காமலா போகும்?"

அவன் நம்பித் தலையாட்டினான். இல்லாத குறையைத் தேடி வருஷக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்ளட்டும் என்று அவள் கேன்டீனுக்கு நடந்தாள். அன்றைக்கு அவளுக்கு அப்படி ஒரு பசி.