உறைமாவு

என் கணவர் சிவமுருகனைச் சுடுகாட்டுக்குத் தூக்கிப் போன கையோடு, அவருடைய அக்கா விசாலாட்சி வீட்டைக் கழுவ ஆரம்பித்துவிட்டார். சாவு விழுந்த வீட்டில் பழைய தண்ணீரும் ஆக்கிய சாப்பாடும் இருக்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். மதினி பழனிக்காரர், இதிலெல்லாம் யார் பேச்சும் எடுபடாது. குடத்துத் தண்ணீர் போனது, குழம்பு போனது, தயிர் போனது. கடைசியில் அலமாரியிலிருந்த கண்ணாடி ஜாடியைத் தூக்கினார்.

"அதை வைங்க மதினி!" நான் நினைத்ததைவிடச் சத்தமாகவே வந்துவிட்டது.

அது உறைமாவு. பாலுக்கு உறைமோர் மாதிரி, நாங்கள் சுடும் ரொட்டிக்கு அது. நாயுடுபுரத்தில் பேக்கரி திறப்பதற்கு முன்பே என் கணவர் மாவும் தண்ணீரும் கலந்து புளிக்க வைத்தது. பாதியை ரொட்டிக்கு எடுப்பார், மீதிக்கு மாவு போட்டு வளர்ப்பார். அவர் கைபட்டதில் எனக்கு மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான்.

"ஊசிப்போன மாவு. நாத்தத்தைப் பாரு," என்றார்.

"அது உசுரோட இருக்கு. வாசல் துளசியப் பிடுங்கிப் போட்டீங்களா?"

"துளசி செடி. இது சோத்தோட சேந்தது. உசுருன்னா அசைய வேணாமா? செத்துல்ல கெடக்கு."

அசைய வேண்டுமாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மதுரை ஆஸ்பத்திரியில், உயிர் போய்விட்டது, மூச்சை மிஷின்தான் விடுகிறது என்று டாக்டர் சொன்னபோது, "நெஞ்சு ஏறி எறங்குதே, எந்தம்பி இருக்கான்" என்று கட்டிலை விடாமல் பிடித்துக்கொண்டவர் இவர். மிஷினை எடுக்கச் சம்மதித்தவள் நான். அதற்கப்புறம் மதினி எனக்கு முகம் கொடுக்கவில்லை. அசைந்ததெல்லாம் உயிரா என்று கேட்டிருப்பேன். அன்று அவர் அழுத அழுகை நினைவுக்கு வந்து வாயை மூடிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரி அலைச்சலில் யாரும் அதற்கு மாவு போடவில்லை. மேலே சாம்பல் தண்ணீர் நின்றது, ஒரு குமிழி இல்லை. உண்மையில் எனக்கே நம்பிக்கையில்லை.

"காலைல வரைக்கும் விடுங்க. ஏறலேன்னா நானே கொட்டுறேன்."

தண்ணீரை இறுத்து, புது மாவு கலந்து, மட்டம் தெரிய ஜாடியில் ரப்பர் பேண்ட் போட்டேன். எங்கள் மலைக் குளிரில் அது பொங்காது. அடுப்போ பற்றவைக்கக் கூடாது. வீட்டில் சூடாக இருந்தது, அவர் தலைமாட்டில் ஏற்றிய விளக்கு மட்டும்தான். அதன் பக்கத்தில் வைத்தேன். மதினி முகத்தைச் சுளித்தார், தடுக்கவில்லை.

வெள்ளனே எழுந்து வந்தால், போர்வையைச் சுற்றிக்கொண்டு மதினி ஜாடி முன்னால் உட்கார்ந்திருக்கிறார். மாவு ரப்பர் பேண்டைத் தாண்டி ஏறியிருந்தது, உள்ளே குமிழி குமிழியாக.

"நீ மிஷின் எதுவும் வைக்கலையே?" என்று கேட்டார்.

"இல்ல மதினி. தானா ஏறுது."

ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவனுக்கு நெஞ்ச மிஷின்தான் ஏத்துச்சு, என்ன?"

"ஆமா மதினி."

என் கையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் அழுதோம். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, "வெரசா மாவைப் போடு, அதுக்குப் பசிக்கும்ல" என்றார்.