நா என்றால் ஏழாம் நம்பர்

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமல்ல. ஓசூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடையில் தட்டு இட்லி தின்றுகொண்டிருந்தபோது, அடுத்த மேசையில் ஹரீஷ்குமார் என்ற பையன் தன் நண்பனிடம் சொன்னதை ஒட்டுக்கேட்டேன். ஒட்டுக்கேட்காமலே கதை எழுதுகிறவர்கள் இருக்கலாம். நான் சந்தித்ததில்லை.

சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலை. அதன் கம்ப்யூட்டர் பிரிவில் ஹரீஷ்குமார், சுவாதி உட்பட ஆறு பேர் ஒரு விளையாட்டு ஆடுகிறார்கள். ஒரு கணக்கு கொடுப்பார்கள். அதைப் போடும் புரோகிராமை யார் ஆகக் குறைந்த எழுத்தில் எழுதுகிறாரோ அவருக்கு வெற்றி. அழகு வேண்டாம், அடுத்தவருக்குப் புரியவும் வேண்டாம். கொடுத்த சோதனைப் பட்டியலுக்கு விடை சரியாக வந்தால் போதும். கோல்ஃபில் அடி குறைந்தால் வெற்றி, இங்கே எழுத்து குறைந்தால்; அதனால் இதற்குக் கோடு கோல்ஃப் என்று பெயர். ஆறு பேரில் ஒருவர்கூட கோல்ஃப் மட்டையைத் தொட்டதில்லை. பரிசு, தோற்றவர்கள் செலவில் தட்டு இட்லி.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "சுவாதி ஓர் எழுத்தை அழித்தாள், உலகமே ஒரு கணம்..." வேண்டாம். உலகத்துக்கு வேறு வேலை இருக்கிறது.

அடுத்தது: "உத்தனப்பள்ளி நாராயணம்மாவின் மகள் சுவாதி சின்ன வயதிலிருந்தே சிக்கனக்காரி." சுத்தப் பொய். மாதம் பிறந்தால் அவளுக்குப் புதுச் செருப்பு வந்தாக வேண்டும்.

ஆகவே நேராகவே சொல்கிறேன். அந்த வாரக் கணக்கு, ஊர்ப் பெயரைக் கொடுத்தால் கம்பெனி பஸ் நம்பரைச் சொல்ல வேண்டும். சோதனைப் பட்டியலில் இருந்த ஊர்களை உற்றுப் பார்த்த சுவாதிக்கு ஒன்று பளிச்சென்று பட்டது. எந்த இரண்டு ஊருக்கும் முதல் எழுத்து ஒன்றாக இல்லை. பிறகு எதற்கு முழுப் பெயரையும் படிப்பது? உ என்றால் உத்தனப்பள்ளி, இரண்டாம் நம்பர். நா என்றால் நாகரசம்பட்டி, ஏழாம் நம்பர்.

[நமக்கு 'நா' ஓர் எழுத்து. கம்ப்யூட்டருக்கு இரண்டு: ந ஒன்று, துணைக்கால் ஒன்று. சுவாதி துணைக்காலையும் விட்டுவிட்டாள்.]

"அடிப்பாவி, தலைய மட்டும் பாத்துட்டு ஆள சொல்றியே," என்றான் ஹரீஷ்குமார். அந்த வாரம் இட்லிக்குக் காசு கொடுத்தது அவன்தான்.

கதை இங்கேயே முடிந்திருக்கும். போக்குவரத்து மேனேஜர் சௌந்தரராஜன் குறுக்கே வந்தார். "ஜெயிச்சதுன்னா நல்லதாத்தான் இருக்கும். அதையே நம்ம பஸ்ஸுக்குப் போட்டுடுங்க," என்றார். விளையாட்டுக்கு எழுதினது சார், வேலைக்கு ஆகாது என்று சுவாதி சொல்லியிருக்கலாம். தன் புரோகிராம் நிஜ பஸ்களை ஓட்டப்போகிறது என்ற பூரிப்பில் வாயே திறக்கவில்லை.

3

என் முதல் வரைவில் அடுத்த வரி இது: "புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் பஸ் மாறி ஏறிவிட்டாள்." கதை கச்சிதமாக இருந்தது. இரண்டு தடவை படித்துச் சந்தோஷப்பட்ட பிறகுதான் உறைத்தது. சுவாதி செய்ததையே நானும் செய்திருக்கிறேன்.

அந்தப் பெண்ணின் பெயர் பொற்கொடி. அஞ்செட்டி மலைப்பக்கம் நாட்றாம்பாளையம். கணவன் பூபதிக்குப் பெங்களூரில் கட்டட வேலை. மாமனார் நாராயணப்பன் ராகி விதைக்கிறவர். மருமகள் தொழிற்சாலைக்குப் போவதில் அவருக்கு இஷ்டமில்லை. பல மாதம் கெஞ்சிய பிறகு ஒரே நிபந்தனையோடு விட்டார்: வாரம் முழுக்க ஹாஸ்டலில் இருக்கலாம், சனிக்கிழமை விளக்கு வைப்பதற்குள் வீட்டில் இருக்க வேண்டும். ஒரு தடவை தவறினாலும் வேலை கிடையாது.

முதல் சனிக்கிழமை மத்தியானம் ஷிஃப்ட் முடிந்ததும் அவள் போனில் செய்தி வந்தது: பஸ் நம்பர் 7. நாட்றாம்பாளையத்துக்கும் முதல் எழுத்து நா. அந்த ஊரிலிருந்து அதுவரை யாரும் வேலைக்கு வராததால் சோதனைப் பட்டியலில் அந்தப் பெயரே இல்லை. பொற்கொடி ஏறினாள், அசதியில் தூங்கினாள். விழித்தபோது கிருஷ்ணகிரி தாண்டி மாந்தோப்புகள் ஓடிக்கொண்டிருந்தன. அவள் ஊர் நேர் எதிர்த்திசை; அந்தப் பக்கம் போவது மூன்றாம் நம்பர். பஸ் மாறி மாறி வீடு சேர்ந்தபோது விளக்கு வைத்து வெகுநேரமாகியிருந்தது.

[இங்கே அவள் ஜன்னலோரம் அழுவதாக ஒரு பத்தி இருந்தது. அழுதாளா என்று எனக்குத் தெரியாது. எடுத்துவிட்டேன்.]

4

விஷயம் கேள்விப்பட்டு, ஞாயிறு காலை ஹரீஷ்குமார் சுவாதியைப் போனில் கூப்பிட்டான். "பஸ்ஸுக்கு வேற புரோகிராம் போட்டுட்டேன். போட்டி லிஸ்டுலயும் நாட்றாம்பாளையத்த சேக்கட்டா? சேத்தா உன்னுது ஃபெயில்."

"சேத்துடு," என்றாள் சுவாதி. பிறகு நாராயணப்பனுக்கு போன் போட்டாள். நடந்ததைச் சொன்னாள்.

"சின்னதா எழுதுனா என்னாம்மா கெடைக்கும்?"

"தட்டு இட்லிங்க."



"எங்க ஊரு பேருல எத்தன எழுத்து?"

சுவாதி விரல்விட்டு எண்ணினாள். "எட்டுங்க."

"நீ எத்தன படிச்ச?"

"ஒண்ணுங்க. அதுலயும் பாதி."

"மீதிய படிக்க உனக்கு என்னா கஷ்டம்?"

"தப்பு எம்மேலதாங்க. அவங்கள நிறுத்திடாதீங்க," என்றாள் சுவாதி.

5

முடிவு ஒன்று: நாராயணப்பன் சிரித்துவிட்டு, போகட்டும் என்கிறார். படிக்கிறவர்களுக்கு நிம்மதி. ஒரே போனில் மனசு மாறுகிற மாமனாரை நான் எங்கும் பார்த்ததில்லை.

முடிவு இரண்டு: "சொன்னா சொன்னதுதான்." பொற்கொடி அடையாள அட்டையைக் கழற்றி... இது நடக்கக்கூடியதுதான். எழுதத்தான் எனக்கு மனசு வரவில்லை.

ஹரீஷ்குமார் சொன்னது இவ்வளவுதான். நாராயணப்பனின் போன் ஸ்பீக்கரில் இருந்திருக்கிறது. மாமனார் எதிரில் குரல் காட்டாத பொற்கொடி, அடுப்படி வாசலில் நின்று கேட்டிருக்கிறாள்: "அக்கா, திங்கக்கெழம காலையில எனக்கு எத்தனாம் நம்பர் பஸ்ஸு?"

"மூணு," என்றாள் சுவாதி.

அதற்குள் இட்லி தின்று முடித்துக் கை கழுவப் போய்விட்டான் ஹரீஷ்குமார். மிச்சத்தை நான் கேட்கவில்லை, இட்டுக்கட்டவும் மாட்டேன். நாராயணப்பன் இடத்தில் நீங்கள் உட்காருங்கள். பொற்கொடி உங்களைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.