மாடி வீட்டு அக்கா தங்கை

ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தபோது எக்ஸ்ரே அக்கா, தன் முகம் ஒரு பஸ்ஸின் முதுகில் ஏறிப் போவதைப் பார்த்தாள். ஐம்பத்தெட்டு வயது முகம் இல்லை, எட்டு வயது முகம். முன்பல் ஒன்று இல்லாமல், வாய் கொள்ளாத சிரிப்போடு அது ஒரு பொம்மை வீட்டின் கதவைத் திறந்துகொண்டிருந்தது. பக்கத்தில் இன்னொரு சின்னப் பெண். குண்டுக் கன்னம், வட்டமாகத் திறந்த வாய். கீழே கொட்டை எழுத்தில், 'மாடி வீடு: ஐம்பது ஆண்டுகள். அருங்காட்சியகத்தில் கண்காட்சி' என்று போட்டிருந்தது. பஸ் திரும்பி மறைந்த பிறகும் அவள் அந்தத் திருப்பத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். தான் ஏற வேண்டிய பஸ் அதுதான் என்பது பிறகுதான் உறைத்தது.

ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் முதல் தரை துடைக்கிறவர் வரை எல்லாருக்கும் அவள் எக்ஸ்ரே அக்காதான். கட்டடத்தின் அடித்தளத்தில், ஈயத்தகடு பதித்த கதவுக்குப் பின்னால் அவளுடைய அறை. நாள் முழுக்க ஆட்கள் வந்துகொண்டேதான் இருப்பார்கள். "செயினைக் கழட்டிடுங்க. நேரா நில்லுங்க. மூச்சை இழுத்துப் பிடிங்க. ம், விடலாம்." இதற்கு மேல் யாரோடும் பேச வேண்டி வந்ததில்லை. கூடப்பிறந்தவர்கள் கிடையாது. கல்யாணம் இரண்டொரு முறை பேச்சளவில் வந்து பேச்சோடு போயிற்று. அப்பா போய் நாளாயிற்று. அம்மாவும் போன வருஷம் போய்விட்டாள். அதன் பிறகு வீட்டில் டிவி மட்டும்தான் வாயைத் திறந்தது.

மத்தியானம் சாப்பிடும்போது, ரத்தம் எடுக்கிற லேப் பெண்ணிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். "மாடி வீடு பொம்மைக்குக் கண்காட்சி வச்சிருக்காங்களாம். அந்தப் பெட்டி மேல ரெண்டு பொண்ணுங்க படம் இருக்கும் பாரு, அதுல பெரியவ நான்தான்."

லேப் பெண் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அப்படியாக்கா? சூப்பர்," என்றவள், கொஞ்சம் பொறுத்து, "உங்ககிட்ட உப்பு இருக்கா?" என்று கேட்டாள்.

உப்பைத் தள்ளி வைத்தாள் அக்கா. 'கூட வர்றியா' என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்து நின்றது. அதையும் சோற்றோடு சேர்த்து விழுங்கிவிட்டாள்.

அவள் படம் அந்தப் பெட்டியில் ஏறிய கதை பெரிய கதை ஒன்றும் இல்லை. அப்பா அச்சகத்தில் வேலை பார்த்தார். பொம்மைக் கம்பெனியின் பெட்டி அச்சடிக்கிற வேலை அங்கே வந்தது. படத்துக்கு இரண்டு பெண் குழந்தைகள் வேண்டும் என்றார்கள். அப்பா இவளை அழைத்துப் போனார், கம்பெனியின் டிரைவர் தன் மகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். போட்டோக்காரர் இரண்டு பேரையும் கம்பளத்தில் உட்கார வைத்து, "நீ அக்கா, அவ தங்கச்சி. ஒட்டி உக்காருங்க," என்றார். அவ்வளவுதான். ஒரு மத்தியான நேரம் அவளுக்கு ஒரு தங்கச்சி இருந்தாள். விளக்குச் சூட்டில் அந்தக் குழந்தையின் தோள் இவள் தோளில் பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது. அது இன்றைக்கும் மறக்கவில்லை.

படம் எடுத்து முடிந்ததும் பொம்மை வீட்டை எங்கேயோ எடுத்துப் போய்விட்டார்கள். சில வாரம் கழித்து அப்பா அச்சகத்திலிருந்து புதுப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து மடித்து நிறுத்திக் காட்டினார். மேலே இவள் சிரித்துக்கொண்டிருந்தாள். திறந்து பார்த்தால் உள்ளே ஒன்றும் இல்லை. பொம்மை வாங்கித் தருகிற வசதி வீட்டில் இல்லை என்பது அவளுக்கு அந்த வயதிலேயே தெரியும், கேட்கவில்லை. அந்த வீட்டைச் சின்னவளுக்குக் கொடுத்திருப்பார்கள் என்று தானே முடிவு செய்துகொண்டாள். அக்கா என்றால் விட்டுக்கொடுக்கத்தானே வேண்டும். பள்ளிக்கூடத்தில், தனக்கு ஒரு தங்கச்சி உண்டு, அவள் அத்தை வீட்டில் வளர்கிறாள் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

புதன்கிழமை அவளுக்கு விடுமுறை. இருப்பதில் நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு அருங்காட்சியகத்துக்குப் போனாள்.

கண்காட்சி மேல்தளத்தில். வருஷ வரிசைப்படி மாடி வீடுகளைக் கண்ணாடிக்குள் வைத்திருந்தார்கள். முதல் வீட்டில் அம்மா பொம்மையின் கையோடு கரண்டி ஒட்டியிருந்தது. அப்பா பொம்மை நாற்காலியில் பேப்பரோடு பிறந்தவர், எழுந்திருக்கவே முடியாது. பத்து வருஷம் தள்ளிப் போனால் கூடத்தில் டிவி வந்துவிட்டது. இன்னும் தள்ளி, அம்மாவின் கரண்டி போய்க் கைப்பை வந்திருந்தது. அப்பாவுக்கு முழங்கால் மடங்கியது. போனில் வயர் போயிற்று. எல்லா வீட்டிலும் மாடி அறையில் இரண்டு கட்டில், இரண்டு பெண் குழந்தைகள். கட்டிலின் வண்ணம் மாறியது, போர்வை மாறியது, இரண்டு என்பது மட்டும் மாறவே இல்லை.

கடைசிக் கூடத்தின் சுவர் முழுக்க அந்தப் படம். பெட்டியில் உள்ளங்கை அகலம் இருந்தது இங்கே ஆள் உயரத்துக்கு மேல். விழுந்த பல்லின் இடைவெளியே கை நுழைகிற அளவு இருந்தது. அவள் தன் முகத்துக்கு எதிரே நின்றாள். யாராவது தன்னையும் சுவரையும் மாறி மாறிப் பார்ப்பார்கள் என்று நினைத்தாளோ என்னவோ, கொஞ்சம் நிமிர்ந்தே நின்றாள்.

"ஆண்ட்டி, கொஞ்சம் தள்ளிக்குங்க, படம் மறைக்குது," என்றார் பின்னால் ஒருவர். மனைவியும் இரண்டு குழந்தைகளும் வரிசை கட்டி நின்றார்கள். அவள் தள்ளிக்கொண்டாள். "அப்படியே எங்க நாலு பேரையும் ஒரு போட்டோ எடுத்துக் குடுத்துடறீங்களா?" என்று போனை நீட்டினார். எடுத்துக் கொடுத்தாள். "பின்னாடி அந்தப் பல்லுப் பொண்ணு முழுசா வரலையே. இன்னொண்ணு எடுங்க ஆண்ட்டி." இன்னொன்றும் எடுத்துக் கொடுத்தாள்.

அவர்கள் போன பிறகு மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த காவல்காரம்மா, "ரொம்ப நேரமா நிக்கறீங்களே, உக்காருங்க," என்று பெஞ்சைக் காட்டினாள். அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது.

"அது நான்தாங்க," என்றாள் அக்கா.

காவல்காரம்மா அவளைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. "பெரியவளா? அடடே, உங்களைத்தான் தேடிட்டிருந்தாங்க. அந்தச் சின்னவங்க வந்திருந்தாங்க. அக்கா வந்தா குடுங்கன்னு நம்பர் குடுத்துட்டுப் போனாங்க. வருவீங்களா மாட்டீங்களான்னு எனக்கு என்ன தெரியும், போன்ல போட்டு வச்சேன்." போனைத் துழாவி எண்ணைப் படித்துக் காட்டினாள். 'மாடி வீட்டுத் தங்கச்சி' என்றே பதிந்து வைத்திருந்தாள்.

எண்ணை வாங்கிக்கொண்டு வந்தாளே தவிர, கூப்பிடக் கை வரவில்லை. என்னவென்று சொல்லிப் பேசுவது? தினமும் சாயங்காலம் போனைக் கையில் எடுப்பாள், கீழே வைப்பாள். தேடிக்கொண்டு வந்திருக்கிறாளே என்ற நினைப்பே தித்திப்பாக இருந்தது. பேசி அதைக் கெடுத்துக்கொள்வானேன் என்றும் இருந்தது. கண்காட்சி முடியப்போகிறது என்று பேப்பரில் பார்த்த அன்றுதான் துணிந்தாள். மறுமுனையில் குரல் கணீரென்று வந்தது. "நீங்கதானா அது? புதன்கிழமை மூணு மணிக்கு அங்கேயே வந்துடுங்க. நாலரைக்கு எனக்கு கிளாஸ் இருக்கு."

தங்கச்சிக்கு இப்போது நரைத்த கிராப்பு, காலில் ஷூ, கழுத்தில் விசில். சொந்தமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாளாம். குண்டுக் கன்னம் இருந்த இடம் தெரியவில்லை. வந்ததும் வராததுமாகச் சுவரைக் காட்டி, "என் வாயைப் பாருங்க," என்றாள்.

"எவ்வளவு ஆச்சரியமா பார்க்கறீங்க," என்றாள் அக்கா.

"ஆச்சரியமும் இல்ல, மண்ணும் இல்ல. நான் சிரிக்க மாட்டேன்னு அடம் பிடிச்சேன். போட்டோக்காரர் சலிச்சுப் போயிட்டாரு. நீங்க பின்னாடி கையை விட்டு நறுக்குனு ஒரு கிள்ளு கிள்ளினீங்க. அதான் அந்த வாய். ரெண்டு நாளைக்கு அந்த இடம் சிவந்திருந்துச்சுன்னு எங்கம்மா சொல்லிட்டே இருப்பாங்க."

"நான் கிள்ளினேனா?"

"வேற யாரு இருந்தா அங்க?"

அக்கா படத்தைப் பார்த்தாள். பெரியவளின் ஒரு கை கதவில் இருந்தது. இன்னொரு கை சின்னவளின் முதுகுக்குப் பின்னால் போயிருந்தது. இத்தனை வருஷமும் அது அணைத்துக்கொண்ட கை என்றுதான் நினைத்திருந்தாள். எவ்வளவு துருவியும் கிள்ளியது நினைவுக்கு வரவில்லை. தோளில் ஒட்டிய தோள் மட்டும்தான் வந்தது.

"அதை விடுங்க," என்றாள் தங்கச்சி. "நான் கேட்க வந்தது வேற. அந்த வீட்டை உங்களுக்குத்தானே குடுத்தாங்க?"

"எனக்கா? உங்களுக்குக் குடுத்திருப்பாங்கன்னுல்ல நான் நினைச்சிட்டிருந்தேன்."

"எங்க வீட்டுல நாங்க அஞ்சு பேரு. ஒரு பென்சிலைக் கூடத் தனக்குன்னு வச்சுக்க முடியாது. கடைசில அழுது புரண்டேன். 'பெரிய பொண்ணு எடுத்துட்டுப் போயிட்டா'ன்னு எங்கப்பா சொல்லிட்டாரு. அன்னையிலேர்ந்து உங்க மேல எனக்கு ஒரு கடுப்பு." அவள் சற்று யோசித்தாள். "அப்போ எவன்தான் கொண்டு போனான்?"

இருவரும் சிரித்துவிட்டார்கள். மூலையில் காவல்காரம்மாவும் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் தங்கச்சி கடிகாரத்தைப் பார்த்தாள். "சரி, தெரிஞ்சுக்கணும்னு இருந்துச்சு, தெரிஞ்சுக்கிட்டேன். வரட்டுங்களா?"

அவ்வளவுதானா என்று அக்காவுக்குப் பகீரென்றது. வந்தவளுக்குக் கணக்குத் தீர்ந்துவிட்டது. ஷூ சத்தம் படிக்கட்டு வரை போய்விட்டது. அக்கா ஓட்டமும் நடையுமாகப் பின்னால் போய், மூச்சு வாங்க, "எனக்கு வண்டி ஓட்டக் கத்துத் தருவீங்களா?" என்றாள்.

"வண்டி வச்சிருக்கீங்களா?"

"இல்ல."

"வாங்கப் போறீங்களா?"

"இல்ல. சும்மாதான்."

தங்கச்சி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "புதன்கிழமை காலையில ஒரு இடம் காலி இருக்கு. செருப்பு சரிப்படாது, ஷூ போட்டுட்டு வாங்க."

புதன்கிழமைகளுக்கு அதன் பிறகு ஒரு வேலை வந்தது. பக்கத்து இருக்கையில் தங்கச்சி ஒரு காலை பிரேக் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பேச்செல்லாம் கிளட்ச், கியர், கண்ணாடி. "பார்த்து மெதுவா விடுங்க. வண்டியை ஓட்டச் சொன்னா உலுக்கி எடுக்கறீங்களே." ஒரு நாளாவது படத்தைப் பற்றியோ, வீட்டைப் பற்றியோ, எங்கே சாப்பிடுகிறீர்கள் என்றோ கேட்டதில்லை. இருந்தாலும், வாரத்தில் ஒருநாள் ஒருத்தி தன்னைத் திட்டுவதற்கென்று காத்திருப்பது அக்காவுக்கு வேண்டித்தான் இருந்தது. எங்கே சீக்கிரம் கற்றுக்கொண்டுவிடுவோமோ என்ற பயத்தில் ரிவர்ஸ் எடுக்கும்போது வேண்டுமென்றே ஒன்றிரண்டு முறை கம்பத்தை உரசவும் செய்தாள். ஆனால் தேர்வு அன்று கை தானாக ஓட்டிவிட்டது. முதல் தடவையே லைசென்ஸ் கிடைத்தது. தங்கச்சி கை குலுக்கி, "நல்லா ஓட்டினீங்க," என்றாள். அடுத்த ஆள் காரின் கதவருகே தயாராக நின்றிருந்தான்.

அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. கண்காட்சியும் முடிந்துவிட்டது. அந்தப் பக்கம் ஒருமுறை போனபோது மேல்தளத்தில் பழைய நாணயங்கள் வைத்திருந்தார்கள். காவல்காரம்மாவையும் காணோம். ஷூவை மட்டும் அக்கா புதன்கிழமைதோறும் துடைத்து வைத்தாள்.

மழைக்காலம் தொடங்கிய பிறகு ஒருநாள் போன் வந்தது. முகமன் எதுவும் இல்லை. "எனக்குக் கண்புரை ஆபரேஷன். போறப்ப ஓட்டிடுவேன், திரும்ப வர்றப்ப கண்ணைக் கட்டி விட்டுடுவாங்க. உங்களால வர முடியுமா?"

"உங்க கூடப்பிறந்தவங்க யாரும்…"

"நாலு பேருக்கும் போன் போட்டேன். நாலு பேருக்கும் வேலை." குரல் வழக்கம்போலக் கணீரென்றுதான் இருந்தது.

"வர்றேன்," என்றாள் அக்கா.

போகும்போதே நான் ஓட்டுகிறேன் என்று அவள்தான் ஓட்டினாள். கூரையில் டிரைவிங் ஸ்கூல் பலகையோடு வண்டி மழையில் ஊர்ந்தது. இரண்டு சிக்னலில் நின்றுபோயிற்று, பின்னால் ஹாரன் அடித்தார்கள். தங்கச்சி திட்டவில்லை. ஒரு கையால் கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பயம் என்பது அக்காவுக்கு அப்போதுதான் புரிந்தது.

கண் ஆஸ்பத்திரியில் நர்ஸ் அக்காவைக் காட்டி, "இவங்க யாரு? சொந்தமா?" என்று கேட்டாள்.

அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்கிட்ட வண்டி கத்துக்கிட்டவங்க," என்றாள் தங்கச்சி. தோடு, வாட்ச், விசில் எல்லாவற்றையும் கழற்றி அக்கா கையில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

உண்மைதானே, அதில் வருத்தப்பட என்ன இருக்கிறது என்று அக்கா தனக்கே சொல்லிக்கொண்டாள். ஆனாலும் வருத்தமாகத்தான் இருந்தது. வராந்தாவில் நெடுக நாற்காலிகள். கணவர்கள், மகள்கள், மருமகன்கள் என்று ஒவ்வொரு நோயாளிக்கும் இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து கசமுசவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் ஓரத்தில் ஓர் இடம் பார்த்து உட்கார்ந்தாள். வெளியே மழை வலுத்தது. திரும்பும்போது தண்ணீர் தேங்காத தெரு எது என்று யோசித்தாள். தங்கச்சி வீட்டில் மாடிப்படி எத்தனை இருக்கும், கைப்பிடி உண்டா, ராத்திரிக்குச் சொட்டு மருந்து யார் விடுவார்கள் என்று யோசித்தாள். கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வாள். சொல்லட்டும், கேட்டுப் பார்ப்போம் என்று நினைத்துக்கொண்டாள்.

உள்கதவு திறந்தது. நர்ஸ் தலையை நீட்டி, "டிரைவிங் ஸ்கூல் அம்மாவோட கூட வந்தவங்க யாரு?" என்றாள்.

வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "நான்தான்," என்று சொல்லிக்கொண்டு அக்கா எழுந்தாள்.