முள் ஏறுதா?

ஆண்டிபட்டிக்குப் போகும் வழியில் சொர்ணலதாவின் கார் நின்றபோது, மீட்டர் முள் பாதி டேங்க் பெட்ரோல் இருப்பதாகக் காட்டிக்கொண்டிருந்தது. டேங்கில் சொட்டுகூட இல்லை. பைக்கில் வந்த ஒருவர் இரக்கப்பட்டுக் கொஞ்சம் கொடுத்ததால்தான் அவள் ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் வேலைக்குப் போய்ச் சேர்ந்தாள். வண்டி பழசு. ஓட்டியது, பார்த்துக்கொண்டது எல்லாம் புருஷன் தங்கப்பாண்டியன். மாரடைப்பில் அவர் போன பிறகுதான் அவள் அதை எடுக்க ஆரம்பித்தாள்.

மறுநாள் லீவு. ஜெயமங்கலத்து வீட்டு வாசலில் நின்று பெரியகுளத்து மெக்கானிக் ஜாஸ்பருக்குப் போன் போட்டாள்.

“டிக்கில விரிச்சிருக்க மேட்டைத் தூக்குங்கக்கா, டேங்குக்குப் போற ஒயரு தெரியும். சாவிய ஆன்ல போட்டு, ஒயரக் கழட்டி வண்டி தகரத்துல தொடுங்க. முள்ளு ஃபுல்லுக்கு ஏறுச்சுன்னா மீட்டரு நல்லாருக்கு, டேங்குக்குள்ள மிதக்குற ஃப்ளோட்டுதான் போச்சு. யாரையாச்சும் உள்ள உக்கார வச்சு முள்ளப் பாக்கச் சொல்லுங்க.”

“சரிப்பா” என்றாள். ஆள் இல்லை என்று சொல்லவில்லை. மகள் ஓவியா கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இருந்தாள். பக்கத்து வீட்டுச் சந்தனம்மாள் கூப்பிட்டால் வருவாள், வந்ததும், “தனியா எப்படித்தான் ஆத்தா இருக்க?” என்று மூக்கைச் சிந்துவாள்.

செல்போனை ஸ்டியரிங்கில் சாய்த்து, மீட்டர் தெரிய வீடியோவை ஓடவிட்டாள். பின்னால் போய் ஒயரைக் கழற்றித் தகரத்தில் தொட்டாள். கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்தாள்.

முன்சீட்டில் உட்கார்ந்து வீடியோவைப் பார்த்தாள். முள் முதலில் கீழே படுத்தது. பிறகு மெல்ல எழுந்து ஃபுல்லில் போய் நின்றது. மீட்டர் நன்றாகத்தான் இருந்தது. சந்தோஷப்படப் போனவளின் காதில், வீடியோவுக்குள் வண்டிக்குப் பின்னாலிருந்து அவளுடைய குரலே கேட்டது.

“ஏறுதாங்க?”

பதிலுக்குக் காத்திருந்த மாதிரி சற்று அமைதி. மறுபடி, கொஞ்சம் உரக்க: “ஏங்க, ஏறுதா?”

அப்படிக் கூப்பிட்டுக் கேட்டது அவளுக்கு நினைவே இல்லை. அந்த ‘ங்க’வைப் போட்டு அவள் கூப்பிட வீட்டில் அவரைத் தவிர வேறு யாரும் இருந்ததில்லை. கார் கதவைச் சாத்திக்கொண்டு அழுது முடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஜாஸ்பர் வந்து புது ஃப்ளோட் மாட்டினான்.

“முள்ளு ஏறுனத யாருக்கா பாத்துச் சொன்னாக?”

“போன்ல வீடியோ எடுத்தேன்.”

“அட! காட்டுங்க பாப்போம்.”

“அழிச்சுட்டேன்ப்பா” என்றாள், போனை இறுகப் பிடித்தபடி.

சாவியைத் திருப்பினான். முள் அடிக்கோட்டுக்குப் பக்கத்திலேயே கிடந்தது.

“இதுதான்க்கா நெசம். வேற எங்கயும் போகாம நேரா பெட்ரோல் பங்குக்கு விடுங்க.”

இத்தனை நாளும் அவர் வைத்த இடத்திலேயே கிடந்த சீட்டை அவள் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தாள்.